மாரியும் மந்தையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் மாலைச் செய்தியின் பின்வரும் வானிலை அறிக்கையைத் தவறாது கேட்பது எங்கள் வாவிக்கரை மக்களின் வழக்கம். கிழக்குக் கடலிற் காற்றுப் பலமாக வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்லலாகாது என்ற அறிவித்தல் வந்தால், தோணியைக் கரையேற்றிக் கட்டிவிட்டு வீட்டில் இருப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் காத்த உயிர்கள் பல. ஆனால், அதே இரவில் அதே காற்றில் நனைந்து நிற்கப்போகும் ஆட்டையும் மாட்டையும் குறித்து, அவற்றை வளர்ப்போரை விளித்து, ஒரு வாக்கியம் சொல்லப்பட நான் கேட்டதில்லை. அந்த வாக்கியத்தை வேண்டியே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

"தமிழ்ப் பண்டிதனுக்கு ஆட்டுக்கூட்டில் என்ன அலுவல்?" என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்புக்கு நான் உரியவனே. நெடுங்காலமாக முல்லைத் திணையை மாணாக்கருக்கு உரைத்து வருகின்றேன். முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, தெய்வம் மாயோன், தொழில் நிரை மேய்த்தல் என்று உறக்கத்திலும் ஒப்புவிப்பேன். அந்த நிரை மழையில் நனையும் என்பதும், நனைந்து பசித்து நின்றால் இறக்கும் என்பதும் மாத்திரம் என் பாடத்தில் இடம்பெற்றதில்லை. அதனை நான் கற்றது 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். கற்பித்தவர் என் அயல்வீட்டு அம்மையார். அக்கல்விக்கு நான் செலுத்திய காணிக்கை மூன்று ஆடும் ஒரு குட்டியும்.

வெளியூர் அன்பர் பொருட்டு எங்கள் மாரியைச் சிறிது விளக்குதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது. அதன் கீழ்க்கரை, ஞாயிறு எழும் பக்கமாதலின் எழுவான்கரை. மேற்கரை, ஞாயிறு படும் பக்கமாதலின் படுவான்கரை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிடுகிறது. அம்மழையை நம்பியே படுவான்கரை வயல்களிற் பெரும்போக வேளாண்மை விதைக்கப்படுகிறது. விதைப்பு முடிந்த நாள்தொட்டு அறுவடை முடியும் நாள்வரை ஆடுமாடுகளுக்கு வயலில் இடமில்லை. பள்ளக் காணிகளில் நீர் நிற்கும். மேட்டுக் காணிகளில் வீடுகள் நிற்கும். புல் மலிந்த காலமே மேய இடமற்ற காலமாக முடிகின்றது.

இக்காலத்தில்தான் சிறு மந்தையை வைத்திருப்போரின் திறமை சோதிக்கப்படுகின்றது. செம்மறியை யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காணலாம். எங்கள் பக்கத்து வளவுகளில் அது அரிது. இங்குள்ளவை வெள்ளாடுகள், ஐந்தும் பத்துமாக வேலியோரத்துக் கூடுகளில் நிற்பவை. வீட்டில் நோய் வந்தாலும், பிள்ளைக்குப் பாடசாலைச் செலவு வந்தாலும், ஒரு கிடாயை விற்றே அன்றைய முட்டுப்பாட்டைத் தீர்க்கும் குடும்பங்கள் பல. ஆகவே ஓர் ஆடு இறந்தால் இறந்தது ஆடு மாத்திரமன்று.

இனி என் கதைக்கு வருவேன். 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், பண்டித வகுப்பு மாணாக்கருக்கு நெடுநல்வாடையின் தொடக்கப் பகுதியை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். நக்கீரர் பாடிய அப்பாட்டுப் பத்துப்பாட்டுள் ஒன்று. 188 அடிகளால் ஆனது. மழை பெய்து வெள்ளம் பரக்கின்றது. கோவலர் அவ்வெள்ளத்தை வெறுத்துத் தம் நிரையை வேற்று நிலத்துக்குப் பெயர்த்துச் செல்கின்றனர். தீக் காய்ந்தும் நடுக்கம் தீராது நிற்கின்றனர். விலங்குகள் மேயும் நினைவின்றி ஒடுங்குகின்றன. பறவைகள் கிளையினின்றும் வீழ்கின்றன. கறவைகள் பாலுண்ண வந்த கன்றை உதைத்துத் தள்ளுகின்றன. "கூதிர்க்காலத்தின் கடுமையைப் புலவர் எவ்வளவு நயமாக வருணிக்கின்றார்!" என்று வியந்து உரைத்தேன். மாணாக்கரும் 'வருணனை நயம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

அடுத்த வாரம் வங்கக் கடலில் மாண்டஸ் என்னும் புயல் உருவாகி வடமேற்கே நகர்ந்தது. டிசம்பர் 9ஆம் நாள் இரவு அது மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்தது. புயல் எங்களைத் தொடவில்லை. அதன் வாடை தொட்டது. வானம் மூடிக்கிடந்தது, தூறல் விட்டபாடில்லை, நான் அறிந்த மட்டில் மட்டக்களப்பில் அத்தகைய குளிர் முன்னர் வீசியதில்லை. என் வளவில் அப்போது 11 ஆடுகள் நின்றன. கூட்டின் கூரைக் கிடுகு வடக்குப் பக்கத்தில் உக்கியிருந்தது. மழை விட்டதும் மாற்றலாம் என்று விட்டிருந்தேன். புல் நிறைய நின்றமையால், முதல் நாள் மழை வெளித்த சிறுபொழுதில் அவிழ்த்துவிட்டேன். அவை நனைந்து திரும்பின. மறுநாள் வெளியே போக மனமின்றி ஒன்றோடொன்று ஒட்டி முதுகைக் கூனி நின்றன. 'பசித்தால் தின்னும்' என்று எண்ணி, நான் போர்வையைப் போர்த்துக்கொண்டு புத்தகத்தை விரித்தேன். மூன்றாம் நாள் விடியலில் இரண்டு ஆடுகள் கால் விறைத்துக் கிடந்தன. அன்று மாலை ஒரு சினையாடு வீழ்ந்தது. நான்கு நாட் குட்டியொன்று தாயின் மடியை நாடிச் செல்ல, தாய் அதனை உதைத்துத் தள்ளியது. அக்குட்டியும் இரவுக்குள் இறந்தது.

முந்திய வாரம் 'வருணனை நயம்' என்று நான் சொன்னது என் கூட்டுக்குள்ளேயே நின்றது. புலவர் நயத்துக்காகப் பாடவில்லை, கண்டதைப் பாடியிருக்கின்றார்.

நான் தனியே இழந்தவனல்லன். அந்நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. ஏதேனும் கொள்ளைநோயோ என்று மக்கள் அஞ்சினர். ஆராய்ந்து பார்த்த பின்னர், திடீர்க் குளிரின் தாக்கமே காரணம் என்று கால்நடைத் துறையினர் தெரிவித்தனர். வெப்ப நாட்டிற் குளிரால் விலங்கு சாகுமா என்று பலர் வினவினர். சாகும். அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை.

ஆட்டின் உடல் வெப்பம் ஏறக்குறைய 39 பாகை செல்சியசு. உலர்ந்த மயிரின் இடையே தங்கும் காற்றே அவ்வெப்பத்தைக் காக்கும் போர்வை. மயிர் நனைந்தால் போர்வை போயிற்று. காற்றும் வீசினால் நனைந்த உடலின் சூடு விரைந்து கழியும். ஐரோப்பிய நாட்டுச் செம்மறி, அடர்ந்த கம்பளி உலர்ந்திருக்கும்வரை, நீர் உறையும் குளிரையும் தாங்கும். எங்கள் நாட்டு வெள்ளாட்டுக்கோ மயிர் குறுகியது; தோலின் கீழ்க் கொழுப்பு அருகியது. அதனைக் கொல்வது வெறுங் குளிரன்று. ஈரமும் காற்றும் பசியும் சேர்ந்த குளிர். இம்மூன்றில் ஒன்றை நீக்கினாலும் ஆடு பிழைக்க வழியுண்டு. என் அயல்வீட்டு அம்மையார் மூன்றையும் நீக்கியிருந்தார். அவருடைய கூட்டில் நின்ற 9 ஆடுகளும் அவ்வாரம் உயிர் தப்பின.

இழப்பின் வெட்கத்தோடு அவரிடம் சென்று, "அக்கா, ஒரே மழை, ஒரே காற்று. உங்கள் ஆடுகள் மட்டும் எப்படி நின்றன?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, ஆட்டுக்குக் குளிர் முதுகால வாறல்ல, வெறுவயித்தால வாற" என்றார். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு மேற் கல்வி இல்லாத அவ்வம்மையார் சொன்னது உடலியல் நூலார் உரைக்கும் உண்மை. அசைபோடும் விலங்கின் முதல் வயிறு ஓர் உலை போன்றது. அங்கே நார்ப்பொருள் நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. வயிறு நிறைந்திருந்தால் உலை எரியும், வெறுமையானால் அணையும். குளிரால் ஒடுங்கிய ஆடு மேயப் போகாது. மேயாத ஆட்டின் உலை அணையும். உலை அணைந்த ஆடு மேலும் ஒடுங்கும். ஆகவே பசித்தால் தின்னட்டும் என்று காத்திருப்பது அறியாமை. அதன் வாய்க்கருகே உலர்ந்த தீனி செல்ல வேண்டும்.

அன்றுதொட்டு அவ்வம்மையாரிடம் நான் மாணாக்கன். மாரிக்காலத்து ஒருநாளை அவர் எவ்வாறு கழிக்கின்றார் என்பதைப் பார்த்துக் கற்றேன். அதனை ஒழுங்குபட இங்கே எழுதுகின்றேன்.

விடிந்ததும் அவர் முதலிற் செய்வது ஆடுகளை அவிழ்ப்பதன்று, பார்ப்பது. எது எழுந்து வரவில்லை, எது அசைபோடவில்லை, எதன் பின்புறம் கழிச்சலால் நனைந்திருக்கிறது என்று பார்க்கின்றார். ஐயமுள்ள ஆட்டின் கீழிமையை விரலால் விலக்கி உட்புறத்து நிறத்தை நோக்குகின்றார். சிவந்திருந்தால் நலம், வெளிறியிருந்தால் வயிற்றில் இரத்தமுறிஞ்சும் புழு மலிந்துவிட்டது. மாரியில் ஆட்டுக்குப் பெரும்பகை இப்புழுவே. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஈரமும் வெப்பமும் உள்ள நிலத்தில் ஒரு வாரத்துக்குள் அம்முட்டைகளினின்றும் தொற்றும் பருவத்து இளம்புழுக்கள் தோன்றிப் புல்லில் ஏறும். தென்னாபிரிக்க அறிஞர் 1990களில், இமையின் நிறத்தை ஐந்து படிகளாகப் பகுத்து ஃபமாச்சா என்னும் அட்டையொன்றை ஆக்கினர். வெளிறிய ஆட்டுக்கு மாத்திரம் மருந்து கொடுக்க அது வழிகாட்டுகின்றது. எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி மருந்தை ஊற்றினால், மருந்துக்கு அடங்காத புழுக்களே எஞ்சிப் பெருகும் என்பது அதன் உட்கருத்து. அம்மையாரிடம் அட்டை இல்லை, கண் இருக்கின்றது. எனினும் மருந்தின் அளவை அவர் தாமாகத் தீர்மானிப்பதில்லை. ஆட்டின் எடையைச் சொல்லி மிருக வைத்தியரிடமே கேட்கின்றார்.

பார்த்து முடிந்தபின்னும் அவர் ஆட்டை உடனே அவிழ்ப்பதில்லை. புல்லின் ஈரம் உலரும்வரை பொறுக்கின்றார். இளம்புழுக்கள் ஈரத்தோடு புல்லில் ஏறுவன; நிலத்தை ஒட்டிய சில அங்குல உயரத்திலேயே பெரும்பாலும் தங்குவன. ஆகவே ஈரமான குறும்புல்லை மேய்வது நோயை மேய்வதாகும். மழை விடாத நாளில் ஆடுகளைக் கூட்டிலேயே நிறுத்தி, குழையை வெட்டி வந்து, அவற்றின் தலைமட்டத்திற் கட்டித் தொங்கவிடுகின்றார். வெள்ளாடு இயல்பாகவே அண்ணாந்து குழை தின்னும் விலங்கு. குழை தொங்கினால் மிதிபடாது, புழுக்கையும் படாது.

குழையிலும் முறையுண்டு. பூவரசு, முள்முருக்கு, பலா, ஆல் ஆகியவற்றை ஆடு விரும்பியுண்ணும். வேலிகளில் நிற்கும் கிளிசரிடியாவைச் சில ஆடுகள் அதன் மணம் பற்றி வெறுக்கும். அதனை முதல்நாள் மாலை வெட்டி வாடவைத்தால் மறுநாள் தின்னும். மழையில் நனைந்த குழையை அம்மையார் உதறி, தாழ்வாரத்திற் சிறிது நேரம் கட்டிவைத்தே கொடுக்கின்றார். காரணம் எளிது. 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர்பொருள் வேண்டும். பச்சைக் குழையில் நான்கில் மூன்று பங்கு நீரே எனக் கொண்டால், அதற்கு 4 கிலோ குழை வேண்டும். மாரியின் இளம்புல்லில் நீர் இன்னும் மிகுதி. வயிறு புடைத்திருக்கும், உணவு குறைந்திருக்கும். அதனால் அவர் சிறுபோகத்து வைக்கோலிற் சிறிதையும், கச்சான் கொடி, கௌப்பிக் கொடி ஆகியவற்றையும் கோடையிலேயே உலர்த்திப் பரணில் ஏற்றிவைக்கின்றார். குளிர் மிகுந்த இரவில் அதுவே உலைக்கு விறகு.

நண்பகலிற் கூடு துப்புரவாகின்றது. கூட்டின் தளம் நிலத்தினின்றும் மூன்றடிக்கு மேல் உயர்ந்தது. சிலாகைகளுக்கிடையே அரை அங்குல இடைவெளி. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும், படுக்கை உலர்ந்திருக்கும். இடைவெளி மிகுந்தால் குட்டியின் கால் அகப்படும். குறைந்தால் புழுக்கை தங்கும். வடக்கும் கிழக்கும் நெஞ்சுமட்டம் வரை கிடுகால் அடைப்பு. கூரைக்கும் அடைப்புக்கும் நடுவே காற்றுப் போகச் சிறு வெளி. முழுவதும் மூடிவிட்டால் சிறுநீரின் காரநெடி தங்கி ஆட்டின் மார்பைப் பற்றும் என்பது அவர் கணிப்பு. மிருக வைத்தியரும் அதையே சொல்வர். சேற்றில் நின்று குளம்பு அழுகாதபடி வாசலிற் கல்லும் மணலும் பரப்பியிருக்கின்றார். வளர்ந்த குளம்பைச் சீவுகின்றார்.

மாலையில் வேப்பிலையும் ஈரச் சருகும் இட்டுப் புகை மூட்டுகின்றார். இதனை நான் நெடுங்காலம் வெறும் வழக்கம் என்றே எண்ணியிருந்தேன். மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் ஒருவகை நூற்புழுவின் குஞ்சுகளை நுளம்பு ஆட்டுக்கு ஏற்றுகின்றது. அவை வழிதவறி முதுகுத் தண்டையும் மூளையையும் அடைந்தால் ஆடு பின்கால் இழுத்து வீழ்கின்றது. இலங்கை ஆடுகளில் நன்கு அறியப்பட்ட நோய் இது. புகை நுளம்பை அகற்றும். மாட்டுப் பட்டியை ஆட்டுக்கூட்டுக்குத் தள்ளி அமைப்பதும் இதனாற் பொருளுடையதாகின்றது.

எல்லாவற்றினும் என்னை வியக்கவைத்தது அவர் கிடாயைக் கட்டும் முறை. ஆனி, ஆடி மாதங்களிற் கிடாயை மறிகளோடு சேரவிடுவதில்லை. வினவினேன். விரல் மடித்துக் கணக்குச் சொன்னார். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஆனியிற் சினைப்பட்டால் கார்த்திகையில் ஈனும். ஆடியிற் சினைப்பட்டால் மார்கழியில் ஈனும். நனைந்து பிறக்கும் குட்டிக்கு அவ்விரு மாதமும் கூற்றம். ஆவணியிற் சேர்த்தால் தையிற் குட்டி. மழை ஓயும் காலம், தாய்க்குத் தளிருண்டு, குட்டிக்கு வெயிலுண்டு. தவறிப் பிறந்துவிட்ட குட்டியைச் சாக்கினால் துடைத்து உலர்த்தி, முதல் மணி நேரத்துக்குள் சீம்பாலை ஊட்டிவிடுகின்றார். அப்பாலே குட்டிக்கு முதல் உணவும் முதல் மருந்தும்.

இவற்றைக் கேட்டபோது தொல்காப்பிய மரபியல் என் நினைவில் எழுந்தது. ஆட்டின் இளமைக்கு மறி என்றும், ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்றும், பெண்ணுக்கு மூடு, கடமை என்றும் பெயர்கள் அங்கே வகுக்கப்பட்டுள்ளன. இன்று எங்கள் பேச்சில் மறி என்பது பெண்ணாட்டைக் குறிக்கின்றது. ஒரு விலங்குக்கு இத்தனை சொற்களை ஓரினம் வைத்திருந்ததென்றால், அச்சொற்களைப் படைத்தவர்கள் ஏடு எழுதியவர்களா? அல்லர், கிடாயைப் பிரித்துக் கட்டியவர்களும், சினையைக் கணக்கிட்டவர்களும், குட்டியைத் துடைத்தவர்களுமே. நாம் சொல்லை மனனம் செய்தோம், சொல்லுக்குரியாரை மறந்தோம். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் பயின்று, விஞ்ஞான ஆசிரியராயிருந்து, பின்னரே தமிழ்ப் பேராசிரியரானவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில், இலக்கியங் கூறும் கருவியைக் கணிதத்தால் அளந்து மீட்டெடுக்க முயன்றார். நூலிற் கண்டதை உலகில் வைத்துப் பார்க்கும் அந்த மனநிலை எங்கள் மண்ணுக்குப் புதியதன்று. அவர் பெயரை மேடையில் முழங்கும் நாம் அம்மனநிலையை வகுப்பறையில் வைத்திருக்கின்றோமா?

எனினும் இக்கட்டுரையின் நோக்கம் பண்டிதர்களைக் கடிவது மாத்திரமன்று. ஒரு வீட்டார் செய்யக்கூடியன சில. ஊரும் அரசும் செய்யவேண்டியன சில. அம்மையார் கூட்டை உயர்த்தலாம், குழையைச் சேர்க்கலாம், கிடாயைக் கட்டலாம். வெள்ளத்துக்குத் தப்பும் மேட்டை அவர் படைக்க இயலாது. வரப்போகும் வாடையைத் தாமே முன்னறியவும் இயலாது.

நெடுநல்வாடைக் கோவலர் வெள்ளம் கண்டவுடன் நிரையைப் பெயர்த்துச் சென்றனர் என்றால், பெயர்த்துச் செல்ல அவர்களுக்கு வேற்று நிலம் இருந்தது. இன்று? எங்கள் மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ள மயிலத்தமடு, மாதவணை ஆகிய மேய்ச்சற் பரப்புகளுக்கே பெரும்போகக் காலத்தில் மாட்டுப் பண்ணையாளர் தம் பட்டிகளைச் சாய்த்துச் செல்வது வழக்கம். அங்கே பிற மாவட்டத்தார் பயிர்செய்ய முற்பட்டமையால் மேய்ச்சல் நிலம் சுருங்குகின்றதென முறையிட்டு, 2023ஆம் ஆண்டு செப்டம்பரிற் சித்தாண்டியில் அப்பண்ணையாளர் அறப்போராட்டம் தொடங்கினர். அதன் அரசியலை ஆராய்வது என் தொழிலன்று. மாரியில் நிரைக்கு ஒரு மேட்டுநிலம் வேண்டும் என்பது அரசியலுக்கு முந்தியது. முல்லைத் திணை தோன்றிய நாள்தொட்டு உள்ள தேவை அது. பெருநிரைக்குக் காடு வேண்டும். சிற்றூர் ஆடுகளுக்கு ஊரின் மேட்டுப் பொதுக்காணியில் ஒரு கூரையேனும் வேண்டும். 2011ஆம் ஆண்டு ஜனவரி வெள்ளத்திற் பாடசாலைகளில் மக்கள் தங்கினர். அவர்தம் ஆடுகளுக்குத் தங்குமிடம் என்று ஒன்று குறிக்கப்பட்டதை நான் காணவில்லை.

அடுத்தது முன்னறிவித்தல். பெரும்புயலுக்குப் பெயரிடுகின்றோம். 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியை எங்கள் முதியோர் இன்றும் பேசுகின்றனர். 2025 நவம்பர் இறுதியில் நாட்டையே உலுக்கிய டித்வாவை எங்கள் பேரப்பிள்ளைகள் பேசுவர். ஆனால் மந்தையை அழிப்பதற்குப் புயல் வேண்டா. மூன்று நாள் விடாத தூறலும் வாடையும் போதும். அதற்குப் பெயருமில்லை, எச்சரிக்கையுமில்லை. மீனவருக்கு அது 'கடல் ஓரளவு கொந்தளிப்பு' என்ற ஒரு வரி. மேய்ப்பவருக்கோ ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பின் அழிவு.

இத்தகைய எச்சரிக்கை உலகில் இல்லாத புதுமையன்று. அவுஸ்திரேலிய நாட்டின் வானிலைப் பணியகம், குளிரும் மழையும் காற்றும் ஒருங்கே வரும் நாட்களில், செம்மறி வளர்ப்போருக்கென்றே தனி எச்சரிக்கை விடுக்கின்றது. புதிதாகக் கம்பளி கத்தரிக்கப்பட்ட ஆடுகளும் குட்டிகளும் அவ்வேளையில் இறக்கும் என்பது அங்கே பட்டறிவால் உணரப்பட்ட உண்மை. அவ்வறிவித்தலைக் கேட்டவர் மந்தையைக் காற்று மறைவான இடத்துக்கு ஓட்டுவர். கம்பளியாட்டுக்கே எச்சரிக்கை வேண்டுமாயின், கம்பளியென்பதே இல்லாத எங்கள் ஆட்டுக்கு எவ்வளவு வேண்டும்!

"எச்சரிக்கை கொடுத்தால் கூரை வந்துவிடுமா? ஏழை என் செய்வான்?" என்று ஒருவர் வினவலாம். என் வீட்டில் நிகழ்ந்ததையே விடையாகச் சொல்வேன். எனக்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு சொல் கிடைத்திருந்தால், உக்கிய கிடுகின்மேல் ஒரு படங்கை இழுத்துக் கட்டியிருப்பேன். ஆடுகளை நனைய விட்டிருக்கமாட்டேன். பரணில் ஒரு சாக்கு உலர்குழை வைத்திருப்பேன். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டியது இரண்டு நாள். அன்றியும், நான் அசட்டையாக இருந்தேன் என்பதை மறுக்கவில்லை. அசட்டையான மீனவரையும் வானொலி எச்சரிக்கின்றதே. அசட்டையை உலுக்குவதற்கன்றோ எச்சரிக்கை!

இன்னொருவர், "ஆட்டுக்காரர் சிலர், அவர் பொருட்டு ஓர் அறிவித்தலா?" எனலாம். வாக்கியம் ஒன்றே, அதைச் சொல்ல ஆகும் நேரமும் சில நொடி. "வடக்கு, கிழக்கில் அடுத்த இரண்டு நாட்களுக்குக் குளிர்காற்றுடன் மழை தொடரும், கால்நடைகளை மேட்டில், காற்று மறைவில், உலர் தீனியுடன் வைத்துக்கொள்க" என்று வளிமண்டலவியல் திணைக்களமும் கால்நடைத் துறையும் கூடிச் சொல்லலாம். எந்தக் குளிரளவில், எத்தனை நாள் மழையில் எச்சரிக்க வேண்டும் என்பதை வரையறுக்க வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அருகிலேயே இருக்கின்றது. அதைக் கேட்டு ஊருக்குச் சொல்லப் பாடசாலைகள் இருக்கின்றன. இல்லாதது, இவை ஒன்றோடொன்று பேசுவதே.

ஆசிரிய அன்பர்களுக்கும் மாணாக்கருக்கும் தனியே ஒரு வேண்டுகோள். முல்லைத் திணையைக் கற்பிக்கும் வாரத்தில் ஒருநாட் காலை, அருகிலுள்ள ஓர் ஆட்டுக்கூட்டுக்கு வகுப்பை அழைத்துச் செல்லுங்கள். மாணாக்கர் குழை கட்டட்டும். கீழிமையை விலக்கிப் பார்க்கட்டும். ஆட்டுக்குரிய சொற்களை அவ்வூர் மூதாட்டியிடம் கேட்டு எழுதட்டும். அதன்பின் நெடுநல்வாடையை விரித்தால், கன்றை உதைக்கும் கறவை எதற்காக அப்பாட்டில் நிற்கின்றது என்பதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

சென்ற மாரிக்கு முன்னரே என் கூட்டின் வடக்குப் பக்கத்தைப் புதுக்கிடுகால் அடைத்துவிட்டேன். ஆவணி பிறக்கும்வரை கிடாய் தனியே நின்றது. அம்மையார் ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்து, "இப்ப சரி, ஐயா" என்றார். என் பண்டிதப் பட்டத்துக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் எனக்கு அத்துணை மகிழ்ச்சி தந்ததில்லை. ஆயினும் மழை இருண்டு வரும் மாலைகளில் இப்போதும் வானொலியைத் திருகிவிட்டுக் காத்திருக்கின்றேன். மீனவர்க்குரிய வாக்கியம் வருகின்றது. நான் வேண்டும் வாக்கியம் வரவில்லை. அது வரும்வரை, வேலியால் எட்டி அயலவரைக் கேட்பதும், அயலவருக்குச் சொல்வதும் நம்மவர் கடன்.